காவிக்கு அடியில்

சித்தியின் இடுப்பில் காய்ந்து வெடித்திருந்த அந்தக் காவிப் பூச்சுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நினைத்தாலே எரிச்சல் வருகிறது, பயமும் வருகிறது. பயம் எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பொத்தேரியில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். சாம்பார் கொஞ்சம் ஆறிப்போனாலும் யாருக்கு வயிறு கெடுமோ என்று கிடந்து தவிப்பேன். "இவளுக்கு இவ நெழல பாத்தாலே பயம்" என்று சித்தி சிரிப்பாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. விடுதிக்குப் பின்னால், மனை பிரித்துக் கல் நட்டும் விற்காமல் புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தில் ஆட்டுக்குப் புல் அறுப்பாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரிவாளைப் போட்டால், கட்டைவிரல் அளவுச் சுண்டெலிகள் புல்லடியிலிருந்து சிதறும். "ஓடுங்கடி, வாடகை குடுக்காத ஜென்மங்களா" என்பாள். வீட்டுக்குள் வந்து பானையை உருட்டும் எலிகள் இல்லை அவை. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே சாகிறவற்றால் நமக்கு என்ன வந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன்.

மழை விட்ட சமயம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டார்கள், விடவில்லை. மறுபடியும் ஊசி. இடுப்பில், புடவை செருகும் இடத்தில் ஒரு புண் இருந்தது. காட்டு என்றால், "அக்கிக் கொப்புளம்டி அது. ஆம்பள டாக்டராண்ட இடுப்ப காட்டச் சொல்றியா?" என்று என் வாயை அடைத்தாள். குயவர் வீட்டுக்குப் போய், புண்மேல் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். எழுதியது தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாதாம். கத்தினேன், கெஞ்சினேன். சுவரோடு பேசியது போலத்தான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே ஒரு பெண் டாக்டர், "உடம்புல எங்கயாவது கருப்பா பொருக்கு இருக்காம்மா?" என்று கேட்டார். சித்தி இல்லையென்று தலையாட்டினாள். நான் ஈரத்துணியை எடுத்தேன். "தொடச்சே, உன் கை வெளங்காது" என்றாள், அந்த மூச்சிரைப்பிலும். துடைத்தேன். காவிக்கு அடியில், பீடி நெருப்பை வைத்து அழுத்தியது போல ஒரு கரும்பொருக்கு.

"புல்லு அறுக்கற எடத்துல எலி ஓடும், அது கடிச்சிருக்குமா?" என்று கேட்டேன். "உண்ணிக் காய்ச்சல்மா. எலி கடிச்சு வர்றதில்ல. பொதர் எலி மேல கண்ணுக்கே தெரியாத உண்ணி இருக்கும். புல்லுல உக்காந்தா ஆள் மேல ஏறிக் கடிக்கும்" என்றார் டாக்டர். மருந்து ஏற்றினார்கள். சித்தி பிழைத்தாள்.

பிழைத்து வந்தவள் தெருவெல்லாம் சொன்னது இது: "அக்கி எழுதனதாலதான் எழுந்து உக்காந்தேன். இவ அழிக்காம இருந்தா இன்னும் சீக்கிரமா எழுந்திருப்பேன்."

நேற்று எதிர்வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். அவளும் அதே நிலத்தில்தான் புல் அறுக்கிறாள். சித்தி அவளை ஆட்டோவில் ஏற்றுகிறாள் என்று கேள்விப்பட்டு, அரிசியை உலையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்; இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

"பெரியாஸ்பத்திரிக்கு உடு, அண்ணாத்த."

"கொசவரு வூட்டாண்ட உடு" என்றாள் சித்தி.

"இன்னா பேஜாரும்மா இது? காய்ச்சல் யாருக்கு கீதோ அவங்க சொல்லட்டும்" என்றார் ஆட்டோக்காரர்.

அக்காவின் கை என் கைமேல் கொதித்தது. "மொதல்ல அக்கி எழுதிக்கினு, அப்பால போலாமே" என்றாள் மெதுவாக.

ஆட்டோ குயவர் வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் இறங்கவில்லை. புண் எங்கே, எங்கே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். அக்கா புடவையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.