கடைசி ஆளைக் கூட்டி வருவது

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை முன்னால் கிளம்பி, கால்வாய்க் கரையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவோம். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாருக்கும் டீ கிடையாது. ஓடி முடித்தவர்களில் ஒருவர் மறுபடி எதிரே ஓடிப்போய் அந்தக் கடைசி ஆளைக் கூட்டி வரவேண்டும். சேர்ந்த நாளிலிருந்து ஏழு மாதமாக அந்தக் கடைசி ஆள் நான்தான்.

கூட்டி வருவது எப்போதும் ஒரு அக்கா. வயது அறுபத்து மூன்று. சமயநல்லூர்ப் பக்கம் தன் இரண்டு எருமைகளையும் கறந்து வைத்துவிட்டு, மதுரையின் இந்தக் கோடிக்கு ஸ்கூட்டியில் வந்து, பத்து கிலோமீட்டர் ஓடி, அதுவும் போதாமல் எனக்காக இன்னும் இரண்டு ஓடுவார். எனக்கு நாற்பத்தொன்று. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் திட்டியதால் ஓட வந்தவன். அலாரம் அடிக்கவில்லை என்று ஒரு பொய்கூட அவர் முன்னால் வாயில் வராது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

வந்தால் சும்மாவும் வரமாட்டார். நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஓடிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"ராத்திரி என்னப்பா சாப்பிட்ட? பரோட்டாவா? எத்தன?"

நான்கு விரலைக் காட்டுவேன்.

"அம்புட்டுமா! பெறகு கால் எப்படிப்பா தூக்கும்?"

டீக்கடை முன்னால் இருபது பேர் வெறும் வயிற்றோடு நிற்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லித் தொலைத்தாலாவது தேவலை. மானம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வாரமும் என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தால் குழுவும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், மாத்திரையே போதும்.

அந்த ஞாயிறு திரும்பும் வழியில், முடிய ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, அக்கா எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். நானும் நின்றேன்.

"நிக்காத, போ. நான் வாரேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஓடினேன்.

டீக்கடையில் கைதட்டுவார்கள் என்று பார்த்தால், "அக்கா எங்க மாப்ள?" என்றான் ஒருவன். சொன்னேன். "பெறகு இங்க என்ன பண்ற? இத்தன நாளா உன்னக் கூட்டிட்டு வந்தாகள்ல? போ, போய்க் கூட்டிட்டு வா."

பத்து கிலோமீட்டருக்கு மேல் நான் ஓடியதே இல்லை. இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அத்தனை பேரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பி ஓடினேன். அரைக் கிலோமீட்டரில் அவர் தென்பட்டார். நடந்துதான் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்த?"

"ஆமாக்கா."

"ஏன், எனக்கு வழி தெரியாதா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நொண்டியபடியே என்னைக் கடந்து போனார். "அக்கா, மெதுவா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். பிடிக்க முடியவில்லை. ஏழு மாதம் என்னைக் கூட்டி வந்தவருக்கு, ஒரு நாள் தன்னை ஒருத்தன் கூட்டிப்போவது பொறுக்கவில்லை! அறுபத்து மூன்று வயதில் எனக்கும் அந்தத் திமிர் வேண்டும் என்று, கோபத்துக்கு நடுவிலும் தோன்றித் தொலைத்தது.

அன்றைக்கும் டீக்கடைக்குக் கடைசியாக வந்தவன் நான்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன்.

"அடுத்த வாரம் உங்களுக்கு முன்னாடி வாரேன்க்கா" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வா, பாப்போம்" என்றார்.