ஆறு வாரக் குழந்தைக்கு ஒரு கால அட்டவணை

என் அக்கா புருஷன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மணிக்கூண்டு. பதினோரு வருடமாகத் தன் கையில் ஒரு வண்டிகூட லேட்டாகக் கிளம்பியதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். அது எப்படி என்பது டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். ஏழு பத்து வண்டி ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பினாலும் பதிவேட்டில் ஏழு பத்து என்றே எழுதிவிடுவார். "வண்டியத் திருத்த முடியாது தம்பி, பேப்பரத் திருத்திடலாம்" என்று ஒரு கண்டக்டர் என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

இந்த மனிதருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நேரம் கேட்டுக்கொண்டு பிறக்காதது ஒன்றுதான் அது செய்த குற்றம்.

நான்காவது வாரம் அடுப்படிச் சுவரில் ஒரு சார்ட் ஏறியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட சார்ட். காலைத் தூக்கம் எட்டு பத்திலிருந்து பத்து நாற்பது. பால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. தவறினால் சிவப்புப் பேனா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நைட் டியூட்டி பார்த்தபோது, ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிவிட்டுப் பகலில் தூங்குவாராம். தூக்கத்தைப் பற்றி அவருக்கு இருந்த மொத்த ஞானமும் அவ்வளவுதான். இப்போது வீட்டின் எல்லா ஜன்னலிலும் செய்தித்தாள். காலிங்பெல் வயரைப் பிடுங்கினார். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அக்காவுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த எனக்கு இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இரும வேண்டும். போய் இருமினேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பட்டப்பகலில் இருண்டு கிடந்த வீட்டில் குழந்தை சொக்கித் தூங்கியது. ராத்திரி, டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு அவர் சார்ட்டைச் சரிபார்க்கும் நேரத்தில் கண்ணை அகலத் திறந்தது. பழி அக்கா மேல் விழுந்தது.

"உன்கிட்ட ஒரு ஒழுங்கு இருந்தாத்தானே அதுகிட்ட வரும்?"

குழந்தை தன் கைமுட்டியைச் சப்பத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. இப்ப குடுத்தா பழகிடும்." அக்கா மறுத்துப் பேசும் தெம்பில் இல்லை. ஒரு காலையில் குழந்தையின் களிம்பைப் பிரஷ்ஷில் பிதுக்கிப் பல் துலக்கப் போனாள்.

ஆறாவது வாரம், வீடு வீடாகக் குழந்தைகளை எடை பார்க்க வரும் நர்ஸம்மா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்னங்க, போட்டோ கழுவுற ரூமா?"

"தூங்குற பழக்கம் வரணும்ல" என்றார் மணிக்கூண்டு.

நர்ஸம்மா குழந்தையைத் தராசில் வைத்தார். "மூணு கிலோ நூறு. போன தடவையும் இதேதான். பசிச்சப்ப பால் குடுக்கறீங்களா, மணி அடிச்சப்பவா?"

அக்கா சுவரைக் காட்டினாள்.

"சார், பழக்கம் வரும், மெதுவா வரும். பகல்ல வெளிச்சம், பேச்சு, சத்தம் எல்லாம் இருக்கட்டும். ராத்திரி விளக்க அணைங்க. அப்பதான் ரெண்டும் வேற வேறன்னு அதுக்குப் புரியும். கண்ணு சொருகும்போதே மல்லாக்கப் படுக்க வைங்க. ஆனா பசிக்கு டைம் கிடையாது. அது வயிறு சார், உங்க டிப்போ வண்டி இல்ல." பிறகு அக்காவிடம் திரும்பினார். "அடுத்த செவ்வாய் வர்றேன். எடை ஏறலேன்னா ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்லி எழுதிடுவேன்மா."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மணிக்கூண்டு தீர்ப்புச் சொன்னார். "இவங்க என்ன சொல்றது? இவங்களே இருபது நிமிஷம் லேட்டு."

அக்கா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு வாரம் டிப்போ ரெஸ்ட் ரூம்ல படுத்துக்கோங்களேன். இவ அழுது உங்க தூக்கம் கெடுது. நீங்க அசந்துட்டா அங்க எல்லா வண்டியும் லேட்டாயிடும்."

அவருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தலையணை, போர்வை, அலாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார், கடிகாரத்தை.

மறுநாள் காலை அக்கா ஈரத்துணியால் செய்தித்தாளை ஊறவைத்து உரித்தாள். குக்கர் விசில் அடித்தது. குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது, பிறகு பால் குடித்தது. கேட்டபோதெல்லாம் குடித்தது. பொழுது சாய்ந்ததும் நானே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் தூங்கியது. அக்காவும்தான்.

செவ்வாய்க்கிழமை தராசு மூன்று கிலோ முந்நூற்றைம்பது காட்டியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்து மணிக்கூண்டு உள்ளே வந்தார். பையிலிருந்து புது சார்ட் ஒன்றை எடுத்து விரித்தார். ஏழு நாளும் நிரப்பப்பட்டிருந்தது, ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். தினமும் எட்டு பத்துக்குத் தூக்கம், பத்து நாற்பதுக்கு விழிப்பு.

"பாருங்க, ஒரு நாள்கூடத் தப்பல. அட்டவணை போட்டா தன்னால எடை ஏறும்."

நர்ஸம்மா சார்ட்டைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் மிச்சமிருந்த பசைத் தடத்தையும் பார்த்தார். "இந்த வாரம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"டிப்போல" என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல்.

மணி ஒன்பதரை. சார்ட்டின்படி ஆழ்ந்து தூங்கவேண்டிய குழந்தை வீறிட்டது. அக்கா எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். மணிக்கூண்டின் கை சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது.

"இனிமேலும் அங்கயே படுத்துக்கோங்க" என்றாள் அக்கா, நிமிராமல். "அங்கதான் எல்லாம் டயத்துக்கு நடக்குது."

பாராட்டு என்று நினைத்து அவர் தலையாட்டினார்.