அளவுக்கு நின்ற ஆள்

இன்று காலை சித்தூரில் ஒரு நிச்சயதார்த்தம். நான் தினமும் பெருமை பேசுகிற பேத்தி காவ்யாவுக்கு முதல் போட்டோ ஆர்டர். துணைக்குப் போனேன்.

கேமரா புதுசு. லென்ஸ் என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழசு. அது தானாக ஃபோகஸ் ஆகாது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும்.

"ஆயா, பொண்ணு நிக்கப்போற இடத்துல கொஞ்சம் நில்லு," என்றாள். என் முகம் தெளிவானதும் வளையம் நகராதபடி டேப் ஒட்டினாள்.

அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை வந்தார். "பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. நல்ல காரியம். புருஷன் இல்லாதவங்க அங்க நிக்கக்கூடாது."

தூண் ஓரமாகப் போய்விட்டேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீட்டுக்காரர் போன இந்த ஆறு மாசமாக எதுவுமே வருவதில்லை. காவ்யாதான் முறைச்சிக்கினு நின்றாள். ஆர்டர் போய்விடும், பேசாதே என்று கையைக் காட்டினேன்.

மத்தியானம் படங்களைப் பார்த்த அதே அத்தை, "பொண்ணு முகம் எவ்ளோ தெளிவா இருக்குது. கல்யாணத்துக்கும் நீயே வந்துடும்மா," என்றார்.

"வரேன் ஆன்ட்டி. ஆயாவையும் கூட்டிக்கினு வரேன். ஃபோகஸ் அளவுக்கு அவங்கதான் அங்க நிக்கணும்," என்றாள் காவ்யா.

யோசித்துச் சொல்கிறேன் என்று போன அத்தை இன்னும் போன் செய்யவில்லை. அந்த அத்தை இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?