லாம்பர்ட் அள்ளிய மணல்

கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் காரியாகூ தீவில் மணலுக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. அள்ளுகிற ஆளுக்குத்தான் கூலி. முப்பத்திரண்டு வருடம் அந்த ஆள் லாம்பர்ட் குவாஷிதான். அலை பின்வாங்கும் நேரம் பார்த்துக் கரையில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, மண்வெட்டியாலேயே லாரியை நிறைப்பார். பள்ளிக்கூடம், கோயில் மதில், வெளிநாட்டில் இருந்தவர்கள் கட்டிய மாடிவீடுகள், எல்லாவற்றிலும் அவர் அள்ளிய மணல் இருந்தது. தோண்டிய குழியைக் கடலே நிரப்பிவிடும் என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. கடல் நிரப்பத்தான் செய்தது. பக்கத்துக் கரையிலிருந்து இழுத்து வந்து நிரப்பியது.

பக்கத்தில் இருந்தது இடுகாடு. அங்கே, கடலிலிருந்து நான்காவது வரிசையில், அவர் மனைவி யூலின்.

அவள் இறந்து ஆறு வருடம் ஆகியும் கல் நடவில்லை. கல் நட்டு, விருந்து வைத்து, தண்ணீரும் ரம்மும் ஊற்றினால்தான் எங்கள் தீவில் இறந்தவர்கள் அடங்குவார்கள். அதுவரை கனவில் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவழியாகப் பெயர் பொறித்த கல் வந்து சேர்ந்தது. அந்த மாதமே ஒரு புயல் முன்வரிசைகள் மூன்றையும் கொண்டுபோனது. வெள்ளைத் துணி சுற்றிய கல் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்தது.

யூலினின் அக்கா தியடோரா வந்து பார்த்தாள்.

"கல்லைக் கட்டில்ல படுக்கவெச்சிட்டு நீ தரையில படுக்குற. எத்தனை நாளைக்குய்யா இந்தக் கூத்து?"

"நட்டா நிக்கணுமே அக்கா. இப்ப அவதான் கடலுக்கு முதல் ஆளு."

"அள்ளும்போது இது தெரியலையாக்கும்."

"உன் சமையக்கட்டுக்கு ஏழு லாரி கேட்டியே, அப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

தியடோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லாம்பர்ட்டின் வீட்டு மாடியில், வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காக இரண்டு அறைகள் பாதி எழும்பி நின்றன. மறுநாள் லாம்பர்ட் சம்மட்டியோடு மேலே ஏறினார். சுவர் சுலபமாகவே உடைந்தது. கழுவாத கடல்மணல், அதன் உப்பு உள்ளே கம்பியைத் தின்றிருந்தது. மூன்று வாரம் தள்ளுவண்டியில் உடைசலைக் கொண்டுபோய் யூலினுக்கு முன்னால் அணைபோலக் குவித்தார்.

மே மாதம் கல் நட்டார்கள். ஆடு வெட்டி, மேளம் அடித்து, இறந்தவர்கள் உப்பு தொடமாட்டார்கள் என்று உப்பில்லாமல் சமைத்த ஒரு தட்டு யூலினுக்கென்று தனியாக வைத்தார்கள். லாம்பர்ட் நிம்மதியாகத் தூங்கினார்.

அக்டோபரில் கடல் பொங்கியது. குவியல் அசையவில்லை. ஆனால் அதில் மோதிய அலை ஓரமாகச் சுழன்று, யூலினின் வலப்பக்கத்துக் குழியை அரித்துவிட்டது. அது பக்கத்து வீட்டு காஸ்மஸின் அம்மாவுடையது. பெட்டியின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

லாம்பர்ட் ஓடிப் போனபோது காஸ்மஸ் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"உன் பொண்டாட்டியக் காப்பாத்திட்ட," என்றான். "வேணும்னு செய்யலைன்னு தெரியும். ஆனா அலை வேற எங்க போகும்? எங்கம்மாகிட்டதான் வரும்."

காஸ்மஸ் பெட்டியின் முனையில் ஒட்டிய ஈர மணலைத் தட்டிவிட்டான்.

"அம்மாவ இனி எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

யூலினின் இடப்பக்கம், குவியலின் நடுவுக்கு நேர் பின்னால், ஒரு குழிக்கான இடம் வெறுமையாக இருந்தது. லாம்பர்ட் அதைக் காட்டினார்.

"அது உனக்குன்னு விட்டது ஆச்சே."

"வெயில் ஏறுறதுக்குள்ள தோண்டிரலாம். மண்வெட்டியக் குடு."

சென்ற வருடம் லாம்பர்ட் இறந்தார். கரையில் இடமில்லை. மலைமேல், அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் சோளக்கொல்லையில் புதைத்தோம். அங்கிருந்து கடல் தெரியாது.