மீன்குளத்தின் நடுவே கதிரையில் நான்

உப்புவெளியில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் பார்த்து ரசிக்க முற்றத்தில் மீன்குளம் கட்டினேன். கிழிந்த வலை பொத்துவதைத் தவிர வேறு படிப்பில்லாத நானே பம்புக்கும் வயர் இழுத்தேன். கரண்ட் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிட்ச் மழைக்கு அடிக்கடி விழுந்தது. எரிச்சலில் அதைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுத்துவிட்டேன்.

ஒரு காலை குளத்துக்குள் பிளாஸ்டிக் கதிரை போட்டு ஏறி, மாமரக் கிளையில் விளக்குக் கட்டினேன். டேப் சுற்றிய பம்பு வயரின் மூட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் துடித்து மல்லாந்தன. இறங்கினால் எனக்கும் அதே கதி. கரைக்குத் தாவ என் பெருத்த வயிறு விடாது. கதிரை வேறு ஆடியது. கத்தினேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“என்னப்பா, சிலை மாதிரி நிக்கிறியள்? கையைத் தாங்கோ, இழுத்து விடுறன்.”

“ஐயோ, கிட்ட வராதை! தண்ணியில கரண்ட். மெயினை ஓஃப் பண்ணு!”

“அதுக்கு முன்னாலதானே உங்கட வலையெல்லாம் குவிச்சு வச்சிருக்கிறியள்!”

அவள் வலைகளை இழுத்தெறியும்வரை கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புனித அந்தோனியாரைக் கூப்பிட்டேன். “ஓஃப் பண்ணிட்டன்” என்று அவள் மூன்று தரம் சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

இப்போது வயரிங் எல்லாம் எலக்ட்ரீசியன் செய்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறேன். குளத்தில் கால் வைக்குமுன் பம்பின் பிளக்கைக் கழற்றி மனைவியின் கையில் கொடுக்கிறேன்.

“கோவம் வந்தா திரும்பப் போட்டிடுவன்” என்கிறாள்.

குளத்துக்குள் நிற்கும்வரை அவளோடு நான் சண்டை பிடிப்பதில்லை.