தொமித்திலா பெயர் வரும் அடி

நிகானோர் வார நாட்களில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவான்; ஞாயிறானால் அக்கார்டியனை மாட்டிக்கொள்வான். துராங்கோ மலையோரத்து அந்த ஊரில் அவன் வாசிக்காமல் ஒரு ஞானஸ்நான விருந்தும் நடந்ததில்லை. அவன் கட்டிய பாட்டுகளில் ஒன்றை மட்டும் ஊரே மனப்பாடமாகப் பாடும். ருபேர்த்தோவின் சாவைச் சொல்லும் கொர்ரீதோ என்னும் கதைப்பாட்டு அது.

ருபேர்த்தோ அபின் கடத்தியவன். எதிராளிகள் ஓடைப் பாலத்தில் காத்திருந்து அவனைச் சுட்டார்கள். அவன் அந்த வழியாக வருவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் சாராயக்கடையில், முகம் தெரியாத இரண்டு பேரிடம், "நாளைக்கு என் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு ருபேர்த்தோவே வர்றான் தெரியுமா? காலையிலேயே, பாலத்து வழியா!" என்று மார்தட்டியது நிகானோர்தான்.

செத்தவனின் அண்ணன் பிரிமித்தீவோ பாட்டுக் கட்டச் சொன்னபோது, நிகானோர் அதில் துரோகியின் பெயரை வைக்கவில்லை.

"தேதி இருக்கு, ஊர் இருக்கு. காட்டிக்கொடுத்தது யாருன்னு இல்லாம என்னய்யா கொர்ரீதோ?" என்றான் அண்ணன்.

மாவு மில்லில் உள்ளூர்க்காரி தொமித்திலா வெளியாட்களிடம் பேசிக்கொண்டு நின்றாள் என்று யாரோ சொன்னார்கள். நிகானோர் மறுக்கவில்லை. அவள் பெயர் மெட்டில் அழகாக உட்கார்ந்தது. கோர்ட்டுத் தீர்ப்புக்காவது அப்பீல் உண்டு. பாட்டில் ஏறிய பெயரை யாரிடம் போய் இறக்குவது? அதன் பிறகு அவளை யாரும் ஞானத்தாயாக அழைக்கவில்லை. மில் வரிசையில் அவள் முதுகுக்குப் பின்னால் அந்த மெட்டை முணுமுணுப்பார்கள். அப்போதெல்லாம் நிகானோர் டயருக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

இந்த ஞாயிறு, புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடி, ஊர்க்கதை தெரியாமல் அவளையே தங்கள் குழந்தைக்கு ஞானத்தாயாக்கிவிட்டது. விருந்தில் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்கறியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ருபேர்த்தோ பாட்டை எடு நிகானோர்! ஞானத்தாய்க்கு ரொம்பப் பிடிக்குமே!" என்று ஒருவன் கத்த, பந்தலே சிரித்தது.

"வேற பாடுவோம்பா."

"என்ன மச்சான், பயந்துட்டியா?" என்று கித்தார்க்காரன் செலெதோனியோ தந்தியை மீட்டிவிட்டான்.

பாடித்தான் ஆகவேண்டியிருந்தது. அந்த அடி நெருங்கியதும் தொமித்திலா குனிந்து குழந்தையின் இரண்டு காதுகளையும் பொத்தினாள். நிகானோர் அதைப் பார்த்தான். அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் தன் பெயரைப் பாடினான்.

யாருக்கும் கேட்கவில்லை. பந்தல் முழுக்க வழக்கம்போல் "தொமித்திலா!" என்று ஒரே குரலில் அலறியது. பக்கத்திலிருந்த செலெதோனியோ மட்டும், "மச்சானுக்குப் போதை ஏறிடுச்சு, தன் பேரையே பாடுறான்!" என்று சிரித்தான்.

பாட்டு முடிந்ததும் தொமித்திலா குழந்தையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். நிஜமா?"

"நிஜம்தான்க்கா."

"எப்போலேருந்து தெரியும்?"

"பாட்டுக் கட்டுறதுக்கு முன்னாலயே."

அவள் கண் கலங்கவில்லை. "பாட்டா சொன்னா இவங்க காதுல ஏறாது. அதைக் கழட்டி வெச்சிட்டுச் சொல்லு."

வாசல் பக்கம் பிரிமித்தீவோ, இடுப்பில் துப்பாக்கியோடு, இன்னும் சிரித்தபடி பீர் குடித்துக்கொண்டிருந்தான். நிகானோர் தோள்வாரை அவிழ்த்தான். மேசைமேல் வைத்தபோது அக்கார்டியனில் மிச்சமிருந்த காற்று முனகலாக வெளியேறியது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றான்.