விடுப்பே எடுக்காத குருவி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரித்துவிடுகிறவள் அவள். செல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் குப்பை கொட்டியவள். அதனால்தான் அன்று காலை அலுவலகத்தில் முதுகில் ஊர்ந்த குளிரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆராய்ச்சியை விட்டு அறிவியல் மனிதவளத் துறைக்கு அவள் வந்து ஏழு வருடமாகிறது. அறிவியல் படித்தவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் பாதியில் கழன்றுகொள்கிறார்கள், என்ன விதி போட்டால் நிற்பார்கள் என்று பார்ப்பது வேலை. அண்ணனுக்கு அது பிடிபடவே இல்லை. ஆராய்ச்சி பண்ணுகிறவர்களையே ஆராய்ச்சி பண்ணுகிறாயாக்கும் என்று சாப்பாட்டு மேசையில் சீண்டுவான். "எலி பாதியில வேலைய விட்டுட்டுப் போகாதுண்ணா. மனுஷங்க போறாங்க, அதான்" என்பாள்.

அன்று புள்ளிவிவரக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். நாட்டிலேயே ஆளே விலகாத ஆய்வுக்கூடம் ஒன்று கிடைத்துவிட்டதாம். அங்கே உதவி ஆய்வாளர் இருபது வருடமாக ஒரே ஆள். காய்ச்சல் இல்லை, பிரசவம் இல்லை, ஒரு நாள் விடுப்பு இல்லை. அந்தக் கூடத்தின் பயிற்சி முறையையே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விதியாக்கத் துறைச் செயலாளர் முடிவு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டம்.

கூடத்தின் பெயரைக் கேட்டதும் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் இருந்த இடம். அந்த உதவி ஆய்வாளர் அவள்தான்.

நடந்தது என்னவென்று அறிவு உடனே கணக்குப் போட்டது. அங்கே பேராசிரியர் யார் பெயரையும் கேட்டுக்கொள்வதில்லை. குளிரறைக்குப் பக்கத்து முக்காலியில் எவள் உட்கார்ந்தாலும் அவள் "குருவி". மின்னஞ்சல் முகவரியும் அதுவே. மறதி என்று அதற்கு மரியாதையாகச் சொல்வார்கள். ஆயிரம் மரபணுக்களின் பெயர் அந்த மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். துறையின் கணக்கெடுப்புக் கேள்விகள் வருடாவருடம் குருவியின் முகவரிக்குப் போயின, அப்போதைய குருவி பதில் போட்டாள். எல்லாம் விளங்கியது. ஆனாலும், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் இன்னும் அந்த முக்காலியிலிருந்து எழுந்து வரவேயில்லை.

மறுநாள் நண்பகலில் அங்கே போனாள். நடைவழி முழுக்க உறைபெட்டிகளின் முனகல். வாசலுக்கு முதுகு காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், இடது தோள் சரிந்து. முக்காலிக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் தோள் அப்படித்தான் சரியும். மணிக்கட்டில் ஒரு தழும்பு. உறைபெட்டிக் கதவின் உடைந்த கீல் கடிக்கும் இடம். இவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதே இடம்.

"குருவி!"

உள்ளேயிருந்து வந்த குரலுக்கு இருவரும் ஒரே மூச்சில் "சார்" என்றார்கள்.

பேராசிரியர் வெளியே வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கிட்டத்தில் நின்றவளிடம், அதாவது இவளிடம், ஒரு சோதனைக் குழாயை நீட்டினார். "இத உள்ள வச்சிடும்மா."

கை வாங்கிக்கொண்டது. கால் குளிரறைக்கு நடந்தது. குழாயில் தேதி எழுதி, மூடி இறுக்கி, மூன்றாவது தட்டில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் இங்கே வேலை பார்க்கவில்லை என்று.

பின்னாலேயே வந்த பெண் கதவைச் சாத்தினாள். இவள் வந்த காரியத்தைச் சொல்லிப் பெயரைக் கேட்டாள். குளிரில் வாயிலிருந்து புகை வர அந்தப் பெண் மறுத்துத் தலையாட்டினாள்.

"வேணாங்க்கா. என் ஆய்வேட்டுல சார் கையெழுத்து பாக்கி. இப்ப பேரு வெளிய வந்தா, நான் இங்க இருந்ததே இல்லன்னு சொல்லிடுவார்."

"கட்டுரைகள்ல உன் பேரு?"

"குருவிக்கு நன்றின்னு போட்டிருக்கு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தன் கதையை மட்டும் சொன்னாள். செயலாளர் சிரித்தார். புள்ளிவிவரம் பொய் சொல்லுமா என்று கேட்டார்.

"பொய் சொல்லல சார். அஞ்சாறு பேர அள்ளி ஒரு ஆளா பெசஞ்சு வச்சிருக்கு."

வேறு சாட்சி உண்டா என்றார். இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள். அவரே தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஆய்வுக்கூடத்தை அழைத்தார்.

"குருவி பேசறேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி இவள் வாயைப் பார்த்தார்கள். அந்த இழுப்பு, அந்தக் களைப்பு, அச்சு அசலாக இவள் குரல்.

எத்தனை வருடமாக அங்கே இருக்கிறாய் என்று செயலாளர் விசாரித்தார்.

"எப்பவும் இருக்கேன் சார்."

புள்ளிவிவரக்காரர் பேனாவை மூடினார். விதி நிறைவேறப் போகிறது; இனி எல்லா ஊரிலும் ஒரு முக்காலி, ஒரு குருவி. இவள் தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"அக்கா பேசறேன்மா. உன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நான் அங்க இருந்தத மட்டும்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

உறைபெட்டியின் முனகல் மட்டும் அறை முழுக்கப் பரவியது. துண்டித்துவிட்டாளோ என்று செயலாளர் கையை நீட்டியபோது அந்தக் குரல் தன் சொந்தப் பெயரைச் சொன்னது.

எப்படி எழுதுவது என்று கேட்டார் புள்ளிவிவரக்காரர். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். பின்னால் தூரத்தில் யாரோ "குருவி, குருவி" என்று கூப்பிட்டுக்கொண்டே கிட்டத்தில் வருவது கேட்டது. அவள் திரும்பவில்லை. அடுத்த எழுத்தைச் சொன்னாள்.